பெருங்காய டப்பாவில் ஐந்து சீட்டு

திங்கட்கிழமை என்றால் வளர்மதிக்கு விடிவதற்கு முன்பே தூக்கம் போய்விடும். உப்புமா கிண்டுவதெல்லாம் அவளுக்கு ஒரு வேலையே இல்லை. பள்ளிக்கூடத்தில் மொத்தமே பதினேழு பிள்ளைகள். பதினேழு பேருக்கும் காலைச் சாப்பாடு செய்து போட மகளிர் குழு அவளைத்தான் அனுப்பியிருந்தது. பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால்தான் அம்மாவுக்கு அந்த வேலை என்பது ஏற்பாடு. அவளுடைய மகள் சுகிர்தா இரண்டாம் வகுப்பு. தூக்கத்தைக் கெடுத்தது உப்புமா அல்ல, அந்த இரண்டாம் வகுப்புதான்.

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் பள்ளியில் குடம் வெளியே வரும். சின்னப் பித்தளைக் குடம். அதற்குள் மடித்த சீட்டுகள். யார் பெயர் வருகிறதோ அவர்தான் அந்த வாரம் மணி அடிப்பவர். புங்கமரத்தில் கட்டித் தொங்கும் தண்டவாளத் துண்டை, ஒரு இரும்புக் கம்பியால் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஐந்து நாளும் அவர் இஷ்டத்துக்கு அடிக்கலாம். பெரியவர்களுக்கு அது தண்டவாளத் துண்டு. ஏழு வயதில் அது ராஜ்ஜியம்.

இந்தக் குடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் பின்னால் போக வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு வரலக்ஷ்மி டீச்சர் பிள்ளைகளை பஸ் ஏற்றி உத்திரமேரூருக்குக் கூட்டிப்போனார். டீச்சருக்கு அந்த ஊர்தான். கோயில் சுவரில் வெட்டியிருக்கும் எழுத்தைக் காட்டி, அந்தக் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்தது எப்படி என்று ஒவ்வொரு விதியாகச் சொன்னார். பெயரெழுதிய ஓலையைக் குடத்தில் போட வேண்டும். ஒன்றும் அறியாத சின்னப் பிள்ளைதான் அதை எடுக்க வேண்டும். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்கக் கூடாது பாருங்கள். ஒருமுறை பதவியில் இருந்தவர் பெயரை உடனே மறுபடி போடக் கூடாது. பதவியில் இருந்து ஒழுங்காக நடக்காதவர் பெயரைப் போடக் கூடாது. அவர் மட்டுமா, அவருடைய சொந்தக்காரர்கள் பெயரையும் போடக் கூடாது. வேறு பள்ளிப் பிள்ளைகளாக இருந்தால் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு மறந்திருக்கும். இவர்கள் ஐஸும் தின்றார்கள், மறக்கவும் இல்லை. மறுநாளே எங்களுக்கும் குடம் வேண்டும் என்று நின்றார்கள்.

டீச்சர் பழைய காலண்டர் தாளை நறுக்கிக் கொடுத்தார். அவரவர் பெயரை அவரவரே எழுதிக்கொண்டார்கள். சுகிர்தா ஊதா ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, பக்கத்தில் ஒரு மணியும் வரைந்தாள். அது மணி மாதிரி இல்லை, குடமிளகாய் மாதிரி இருந்தது. அவளிடம் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

சீட்டை எடுப்பது ஒன்றாம் வகுப்பு செந்தமிழன். பள்ளியிலேயே பொடியன் அவன்தான். ஜூனில் ஒன்று, ஜூலையில் நாலு என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஐந்தாம் வகுப்பு ஏஞ்சலுக்கு வந்தது, வாயில் விரல் வைக்கிற செந்தமிழனுக்கே வந்தது. பன்னிரண்டு வாரம் போய்விட்டது. சுகிர்தாவுக்கு மட்டும் வரவே இல்லை.

ஒவ்வொரு திங்களும் வேறு பெயரைப் படித்த நிமிஷம் சுகிர்தா தரையில் விழுவாள். அதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் முட்டி, அப்புறம் முதுகு, அப்புறம் சத்தம். காலால் மண்ணை உதைத்து, யூனிஃபார்ம் முழுக்கப் புழுதியாக்கி, தொண்டை கட்டுகிற வரை கத்துவாள். ஒரு முறை ஸ்லேட்டை உடைத்தாள். ஒரு முறை பக்கத்தில் நின்று சிரித்த பையனைக் கடித்தே விட்டாள். ஒரகடத்துக் கம்பெனிக்கு ஷிஃப்ட் போகும் அவள் அப்பா வெங்கடேசன், கம்பெனி பஸ் ஏறி மூன்று ஸ்டாப்பிங் தாண்டியும் தன் காதில் அந்தச் சத்தம் கேட்கிறது என்று சத்தியம் செய்வான்.

வளர்மதிக்கு மகள் அழுதால் கை கால் ஓடாது. மற்ற அம்மாக்களுக்கும் ஓடாதுதான், ஆனால் இவள் ஒரு படி மேலே. உப்புமாக் கரண்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்து பிள்ளையைத் தூக்குவாள். சிப்ஸ் பாக்கெட் கொடுப்பாள். போனில் பொம்மைப் படம் வைத்துக் கொடுப்பாள். எதற்கும் மசியாவிட்டால் கடைசி அஸ்திரம் ஒன்று வைத்திருந்தாள். அடுத்த வாரம் கண்டிப்பாக உன் பெயர்தான் என்று காதோடு சொல்வாள். யார் வீட்டுக் குடத்தை நம்பி அப்படிச் சொன்னாளோ தெரியாது, பன்னிரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாக்கை நம்பித்தான் சுகிர்தா அடுத்த திங்கள் இன்னும் ஜாஸ்தியாக அழுதாள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

பன்னிரண்டாவது திங்கள் ராத்திரி சுகிர்தாவுக்கு உடம்பு சுட்டது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு வரமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வெங்கடேசன் பொறுமை தீர்ந்துபோய், இன்னொரு திங்கள் இப்படி நடந்தால் வேன் வருகிற இங்கிலீஷ் ஸ்கூலில் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டான். அப்படிப் போட்டால் வளர்மதிக்கு வேலையும் போகும். ஆனால் அவள் நெஞ்சைப் பிசைந்தது வேலை அல்ல. தூக்கத்தில்கூடப் பிள்ளை விசும்பியதுதான்.

குடம் சமையல் அறை அலமாரியில்தான் இருந்தது. அறைச் சாவி ஆறு மணிக்கே வருகிற வளர்மதியிடம் இருந்தது. பதின்மூன்றாவது திங்கள் காலை அவள் அடுப்பைப் பற்றவைக்குமுன் குடத்தை இறக்கினாள். மிச்சமிருந்த ஐந்து சீட்டுகளையும் எடுத்தாள். பதிலுக்கு, வீட்டிலிருந்தே நறுக்கி எழுதிக்கொண்டு வந்த ஐந்து சீட்டுகளைப் போட்டாள். ஐந்திலும் சுகிர்தா. அசல் சீட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைக்கு அகப்பட்ட பெருங்காய டப்பாவுக்குள் திணித்து மூடினாள். செய்த காரியம் தப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் உப்புமாவுக்கு உப்பு இரண்டு தடவை போட்டாள்.

அன்றைக்கு முதல் தடவையாக அவள் வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். செந்தமிழன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குடத்துக்குள் கையை விட்டான். டீச்சர் ஐந்து விரலையும் விரித்து நீட்டினார். சீட்டைப் பிரித்துச் சுகிர்தா என்று படித்தார்.

சுகிர்தா குதித்த குதியில் ஒரு செருப்பு கழன்று போய் எங்கோ விழுந்தது. பிள்ளைகளும் கைதட்டின. பன்னிரண்டு வாரம் அவள் கச்சேரியைக் கேட்டவர்கள் அல்லவா, அவர்களுக்கும் அது விடுதலைதான். வளர்மதிக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்காக எந்த நரகத்துக்கும் போகலாம் என்று அந்த நிமிஷம் அவள் நினைத்தாள்.

பெயர் வந்தவர் தன் சீட்டைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பது பழக்கம். டீச்சர் சீட்டை நீட்டினார். சுகிர்தா வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடி திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

“இது என் சீட்டு இல்ல டீச்சர். என்துல மணி கீது.”

ஏஞ்சல் விறுவிறுவென்று வந்து குடத்தைக் கவிழ்த்தாள். பெரியவளாகி வக்கீலாவாள் என்று ஊரே சொல்கிற பெண் அவள். நாலு சீட்டையும் வரிசையாகப் பிரித்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். சுகிர்தா, சுகிர்தா, சுகிர்தா, சுகிர்தா. பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ “திருடி” என்றார்கள். இத்தனை வாரமாகப் பெயர் வரவில்லையே என்று இவளே எழுதிப் போட்டுவிட்டாள் என்று பேச்சு வளர்ந்தது.

சுகிர்தா விழவில்லை. கத்தவும் இல்லை. ஒற்றைச் செருப்போடு நின்று அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வாரம் அவள் கத்தியபோதெல்லாம் ஓடிவந்து தூக்கிய வளர்மதி, அவள் கத்தாமல் நின்றபோது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். உப்புமா கிண்டுகிறவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் பிள்ளைமேல் பழி விழும். திறந்தாலும் சிக்கல்தான். தப்பு செய்தவரின் சொந்தக்காரர் பெயரும் குடத்தில் வரக் கூடாதே. அந்த விதியை வீட்டில் அவளுக்கு வாய் ஓயாமல் சொல்லிக் காட்டியது சுகிர்தாவேதான். எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைக்கு மணி இல்லை என்று தெரிந்ததும் வளர்மதி உள்ளே போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அவ எழுதல. நான்தான் மாத்துனேன். கொழந்த அழறத பாக்க முடியல, அதான்.”

டப்பாவைத் திறந்ததும் வராண்டா முழுவதும் சாம்பார் வாசனை. ஐந்து சீட்டும் பத்திரமாக இருந்தன. டீச்சர் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. இது உங்கள் குடம், என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். டீச்சர் திட்டியிருந்தால் தேவலை என்று வளர்மதிக்கு இருந்தது.

பிள்ளைகள் மரத்தடியில் கூடிப் பேசின. சுகிர்தா பெயரை இந்த வருஷமே போடக் கூடாது என்றான் கடி வாங்கியவன். அவன் நியாயம் அவனுக்கு. அவள் எழுதவில்லையே, பாவம் இல்லையா என்றது ஒரு கட்சி. சுகிர்தா அம்மாவை நிறுத்திவிட்டால் அப்புறம் உப்புமா யார் போடுவார்கள் என்று செந்தமிழன் ஒரு முக்கியமான கேள்வி கேட்டான். கடைசியில் ஏஞ்சல் வந்து தீர்ப்புச் சொன்னாள். கல்லில் இருப்பது கல்லில் இருப்பதுதான், சொந்தக்காரர் பெயர் கூடாது. ஆனால் சுகிர்தா தானாகவே உண்மையைச் சொன்னாள். அதனால் மற்ற நாலு பேருக்கும் வந்து முடிகிற வரை அவள் சீட்டு வெளியே இருக்கும். அதற்கப்புறம் போடலாம். இந்த வாரம் டீச்சரே மணி அடிக்கட்டும். குடம் இனிமேல் சமையல் அறையில் இருக்காது.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது சுகிர்தா பத்தடி முன்னாலேயே போனாள். வளர்மதி அவள் பையை வாங்கப் போனாள், கொடுக்கவில்லை. கடையில் என்ன வேண்டும் என்று கேட்டாள், மகள் திரும்பிப் பார்க்கவில்லை. நெல் வயலைத் தாண்டி பம்புசெட் கொட்டகை வரைக்கும் வந்த பிறகுதான் நின்றாள்.

“எம் பேரு வராதுன்னு நெனச்சிக்கினியா?”

“அப்டி இல்ல கண்ணு.”

“வராதுன்னு நெனச்சிதான மாத்துன. வரும் வரும்னு எங்கிட்ட சொல்லிக்கினே இருந்த.”

பன்னிரண்டு வாரம் பிள்ளை கத்தியபோது அதை நிறுத்துவது எப்படி என்றுதான் அவள் யோசித்தாளே தவிர, அந்தச் சின்ன நெஞ்சில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அழுகை தாங்காதது பிள்ளைக்கு அல்ல, தனக்குத்தான் என்று பம்புசெட் பக்கத்தில் நின்று அவளுக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆமாம், தப்பு என்னுதுதான் என்று மட்டும் சொன்னாள். சுகிர்தா கொஞ்சம் யோசித்துவிட்டுப் பையை அவளிடம் கொடுத்தாள்.

அடுத்த திங்கள் சுகிர்தா பள்ளிக்கு வருவாளா என்பதே சந்தேகமாக இருந்தது. வந்தாள். தன் சீட்டு குடத்தில் இல்லை என்று தெரிந்தும் வரிசையில் நின்றாள். யாரோ ஒருவன் பெயர் வந்தது. அவளுக்கு உதடு துடிக்க ஆரம்பித்தது. முட்டி மடங்கப்போனது. வளர்மதி கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு சமையல் அறை வாசலிலேயே நின்றாள். ஓடக் கூடாது என்று காலுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளை அம்மாவைப் பார்த்தது. அம்மா வரவில்லை என்றதும் தானே நடந்து வந்தது.

மத்தியானச் சாப்பாடு செய்கிற சிட்டம்மாள் அப்போதுதான் சாம்பாருக்குச் சின்ன வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாத்திரம் கழுவியதும் அவளுக்கு உரித்துக் கொடுப்பது வளர்மதியின் வழக்கம். என்ன சொல்வது என்று தெரியாமல் மகள் கையிலும் நாலு வெங்காயத்தை வைத்தாள்.

“அழணும்போல கீதா? அழு. நாங்களும் இங்க அதத்தான் பண்ணிக்கினு கீறோம்.”

சுகிர்தா வெங்காயத்தை உரித்தாள், அழுதாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி உரித்தாள். வளர்மதி சிப்ஸ் தரவில்லை, போன் தரவில்லை, அடுத்த வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையே வாயைத் திறந்தது. வயிற்றுக்குள் சூடாக இருக்கிறது என்றாள். அப்புறம் அது கழுத்துக்கு வருகிறது என்றாள். எல்லாருக்கும் வந்துவிட்டது, என்னை மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை போல என்றாள். ஏழு வயதுப் பிள்ளைக்குள் இவ்வளவு இருந்ததா என்று வளர்மதி கேட்டுக்கொண்டே இருந்தாள். புங்கமரத்தில் மணி அடித்தது. சுகிர்தா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள்.

அதற்கப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. திங்கட்கிழமை பெயர் படித்ததும் சமையல் அறை வாசலுக்கு வந்து கையை நீட்டுவாள். ஒரு வாரம் கை நிறைய வெங்காயம் தேவைப்பட்டது. அடுத்த வாரம் இரண்டே போதும் என்றாள். அதற்கடுத்த வாரம் மறுபடி கை நிறைய, ஏனென்றால் பெயர் வந்தது அவள் கடித்த பையனுக்கு. அவன் மணியை அடித்துக்கொண்டே அவளைப் பார்த்துப் பழிப்புக் காட்டினான். அன்றைக்குச் சிட்டம்மாள் இரண்டு நாள் வெங்காயம் உரித்து முடித்தாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். இத்தனைக்கும் நடுவில் காலாண்டுப் பரீட்சை வந்தது, லீவு வந்தது. இங்கிலீஷ் ஸ்கூல் வேன் பற்றி வெங்கடேசன் மறந்தே போனான்.

நாலு பேரும் முடிந்தார்கள். அடுத்த திங்கள் குடத்தில் சுகிர்தா சீட்டு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமையே அவள் யூனிஃபார்மைத் தானே மடித்து வைத்தாள். ஞாயிறு மாலை மழை பிடித்தது. காஞ்சிபுரம் மாவட்டப் பள்ளிகளுக்கு நாளை விடுமுறை என்று டிவியில் ஓடியது. மாவட்டமே கைதட்டிய அந்தச் செய்திக்கு ஒரே ஒரு பிள்ளை மட்டும் டிவியை முறைத்துப் பார்த்தது. “நைனா, கலெக்டருக்கு போன் போடு” என்றாள். வெங்கடேசன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. போய்ச் சமையல் கட்டில் இருந்த வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு வாரம் கழித்து மழை விட்ட திங்களன்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிரேயர் ஆரம்பிக்கிற நேரத்தில் கேட்டுக்குள் ஒரு அம்மா வந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் பிள்ளை. பெயர் திவ்யா, இரண்டாம் வகுப்பு. அவர்கள் குடும்பம் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து அந்த ஊருக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அம்மா கையை விடுவித்துக்கொண்டு போனதும் திவ்யா தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சத்தத்தைக் கேட்டதும் எல்லாரும் சுகிர்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பழைய நினைப்பு.

குடத்தை வைத்துக்கொண்டு டீச்சர் தயங்கினார். இப்போது பதினெட்டுப் பேர். மணியே அடிக்காத பிள்ளைகள் இரண்டு. கடி வாங்கிய பையன் உட்பட எல்லாரும் ஒரே குரலில், இந்த வாரம் சுகிர்தா அடிக்கட்டும், புதுப் பெண்ணை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஏஞ்சலே தலையாட்டிவிட்டாள். வளர்மதி வாசலில் நின்றிருந்தாள். சரி என்று சொல்லிவிடு தங்கம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று அவள் மனசு கெஞ்சியது. மனசு கெஞ்சினால் கெஞ்சட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

சுகிர்தா தன் சீட்டைப் பார்த்தாள். தரையில் அழுதுகொண்டிருந்த திவ்யாவைப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

“அவ பேரும் எழுதிப் போடுங்க டீச்சர். போடலன்னா அதுவும் மாத்துன மாதிரிதான்.”

சீட்டு எழுதப்பட்டது. செந்தமிழன் கையை விட்டான். டீச்சரின் ஐந்து விரலும் விரிந்தன. வந்த பெயர் திவ்யா.

யாரும் கைதட்டவில்லை. சுகிர்தா நேராகச் சமையல் அறைக்கு வந்தாள். கை நீட்டினாள். வளர்மதி கேட்கவில்லை, இரண்டு வெங்காயம் வைத்தாள். சுகிர்தா உட்கார்ந்து ஒன்றை உரித்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாயில் நின்றது. மேலே ஏறிய சூடு எங்கே வந்திருக்கிறது என்று வளர்மதி கேட்டாள். கழுத்து என்றாள். கொஞ்சம் பொறுத்து, நெஞ்சு என்றாள். இன்னொரு வெங்காயத்தை உரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“இன்னாடி, போதுமா?”

“அவளுக்கு மணி எட்டாதும்மா. கம்பிய எப்டி புடிக்கணும்னும் தெரியாது. நான் போறேன்.”

அவளுக்குத் தெரியும். தான் அடிக்காமல் பதினாறு பேர் அடித்ததையும் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கம்பியின் எந்த முனையைப் பிடிக்க வேண்டும், தண்டவாளத்தின் எந்த இடத்தில் அடித்தால் ஊர்க் கோடி வரைக்கும் கேட்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். விசும்பிக்கொண்டிருந்த திவ்யாவை அதன்மேல் ஏற்றினாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தான் கம்பியைத் தொடாமல், அங்க இல்ல, கீழ, இன்னும் கீழ என்று சொல்லிக்கொடுத்தாள். முதல் அடி சப்பென்று விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் கேட்டது. மூன்றாவது அடி கணீரென்று விழுந்ததும் திவ்யா அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். கீழே நின்று இடுப்பைப் பிடித்திருந்தவளும் சிரித்தாள்.

சிட்டம்மாள் நிமிர்ந்து வளர்மதியைப் பார்த்தாள். வெங்காயமெல்லாம் உரித்தாகிவிட்டதே, இன்னும் ஏன் கண்ணைத் துடைக்கிறாய் என்று கேட்டாள்.

“அழுதுக்கினு கீறேங்க்கா” என்றாள் வளர்மதி.

அடுத்த திங்கள் மழையும் இல்லை, புதுப் பிள்ளையும் வரவில்லை. குடத்தில் போட ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது. செந்தமிழன் குடமெல்லாம் எதற்கு, சும்மாவே அடிக்கட்டும் என்றான். அவனுக்குப் பசி, உப்புமா இன்னொரு கரண்டி வாங்கும் யோசனையில் இருந்தான். சுகிர்தா ஒப்புக்கொள்ளவில்லை. குடம் வேண்டும் என்றாள். தன் சீட்டை நாலாக மடித்துத் தானே போட்டுக் குடத்தைக் குலுக்கினாள். ஒற்றைச் சீட்டு உள்ளே சத்தமே இல்லாமல் உருண்டது. சுகிர்தா கண்ணை மூடச் சொன்னதால் செந்தமிழன் மூடினான். குடத்துக்குள் கையை விட்டு, அங்கே நூறு சீட்டு இருக்கிற கணக்காகத் தேடு தேடென்று தேடினான். டீச்சர் விரலைப் பாதி விரித்திருந்தார். நல்லா விரிங்க டீச்சர் என்று சுகிர்தா சொன்னாள். டீச்சர் ஐந்து விரலையும் முழுக்க விரித்து நீட்டினார்.

வளர்மதி வாசலில் நின்றாள். ஒரே சீட்டு என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் டீச்சரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் சீட்டைப் பிரித்தார். பிரிக்கும்போதே பெருங்காய வாசனை வந்தது. ஊதா எழுத்து, பக்கத்தில் குடமிளகாய் மாதிரி ஒரு மணி. சுகிர்தா என்று படித்தார். பள்ளிக்கூடமே கத்தியது, கடி வாங்கியவன் எல்லாரையும்விட உரக்கக் கத்தினான். சுகிர்தா குதிக்கவில்லை. சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். அது தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் சுவரில் ஒட்டப் போகவில்லை. மைதானத்தைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, சமையல் அறையை நோக்கி ஓடிவந்தாள். வளர்மதி அவசரமாக வெங்காயத்தைத் தேடினாள்.

அவள் கை நீட்டவில்லை. சீட்டை அம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

“பாத்தியா? தானா வந்துச்சி.”